பழுதான பிலிம் காம்பாக்ட்டுக்கு (சிறிய பிலிம் கேமரா) மாற்று தேடியவர்கள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து அனுபவம் சொல்லுங்கள்

பாலக்கோடு_35எம்எம்:
ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போதே என் காம்பாக்ட்டின் மோட்டார் நின்றுவிட்டது. பார்ட்ஸ் கிடையாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். சரி, வேறு பார்ப்போம் என்று கிருஷ்ணகிரியில் ஒரு பழைய ஸ்டூடியோவுக்குப் போனேன். அலமாரியில் போட்டோ பிரேம்களுக்குப் பின்னால் ஒரு ஒலிம்பஸ் டிரிப் 35. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். லென்ஸை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "அமுக்குங்க தம்பி" என்றார். வெளிச்சம் போதாததால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் சிவப்பாக ஒரு தகடு எழுந்தது, ஷட்டர் விழவில்லை. வாசல் வெயிலுக்குக் கூட்டிவந்து கையை எடுத்தார். உடனே டிக். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஐந்நூறு ரூபாய் சொன்னார். ஆன்லைனில் என்ன விலைக்குப் போகிறது என்று போனில் காட்டினேன். "இதுக்குப் போட்ட காசு எனக்கு எப்பவோ வந்திருச்சு தம்பி" என்று சொல்லி, கூட நீட்டிய பணத்தைத் தொடவே இல்லை. கேமரா நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்தப் பணம் இன்னும் உறுத்துகிறது.

ஓசூர்_ரோல்:
நீங்கள் உண்மை விலையைச் சொன்னீர்கள், அவர் வேண்டாம் என்றார். அதற்கு மேல் திணித்தால் பெரியவருக்கு அது அவமரியாதை. எனக்கு வாய்த்தது வேறு. பெங்களூர் பி.வி.கே. ஐயங்கார் ரோடு ஞாயிறு சந்தையில் ஒரு காம்பாக்ட். பிளாஷ் அடித்தது, மோட்டார் சத்தமும் கேட்டது. கையிலிருந்த வீணான ரோலை மாட்டிப் பார்த்தேன். மோட்டார் சுற்றுகிறது, பிலிம் இம்மியும் நகரவில்லை. விற்றவர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். நான் நகர்ந்ததும் அடுத்தவருக்கு அதே பிளாஷை அடித்துக் காட்டினார்.

நாலுரோடு_தர்மபுரி:
ஓசூர் நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. பணமாக வாங்காதவருக்கு வேறு விதமாகச் செய்யலாமே? அந்தக் கேமராவில் அவரையே ஒரு படம் எடுத்து, பெரிய பிரிண்டாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

என் அனுபவம் சின்னது. செத்த காம்பாக்ட்டை மெக்கானிக் பிரித்து, பிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். பேட்டரி இல்லை, ஆனாலும் பட்டாசு மாதிரி வெடித்தது. சுமார் 300 வோல்ட் நிற்கும் இடம் அது. யாரும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

டிரிப் 35 வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். 1967 முதல் 1984 வரை வந்த மாடல். லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல்தான் ஒளியை அளக்கிறது, பேட்டரி வேண்டாம். நல்ல வெயிலிலும் சிவப்புத் தகடு வந்தால் செல் போய்விட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள். லென்ஸ் வளையத்தை 'ஏ'-யில் (ஆட்டோ) வைத்துத்தான் சோதிக்க வேண்டும். பின்கதவு ஓரத்து ஃபோமையும் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி பிசுபிசுத்தால் வெளிச்சம் புகுந்து படம் கெடும், மாற்றிவிடுங்கள். பழசே வேண்டாம் என்றால் 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அது ஹாஃப் ஃபிரேம், அதாவது ஒரு படத்தின் இடத்தில் இரண்டு எடுக்கும், 36 ரோலில் 72 படம் கிடைக்கும். பிலிம் விற்கும் விலைக்கு அது பெரிய விஷயம்.

பாலக்கோடு_35எம்எம்:
பென்டாக்ஸ் பற்றி நான் கேட்கவில்லை, ஆனால் பிரிண்ட் யோசனைக்கு நன்றி. ரோலில் இன்னும் படம் மிச்சம் இருக்கிறது, இந்த வாரமே போகிறேன். ஃபோமைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. தர்மபுரியில் மாற்றித் தருகிறவர் யாராவது உண்டா?