ஆக்சிஜன் உணரியா, வளிமோப்பியா? கழுவுவதா, மாற்றுவதா?

தருமபுரி ஐ.டி.ஐ. ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குத் தமிழில் ஒரு குறிப்பேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்தில் மட்டும் சிக்கிக்கொண்டேன். பெட்ரோல் காரின் புகைக்குழாயில் திருகியிருக்கும் ஓ-டூ சென்சார் கெட்டுப்போனால் அதைக் கழுவிப் போடலாமா, புதிது வாங்கிப் போட வேண்டுமா என்பதுதான் பாடம். சென்சாருக்கு ‘உணரி’ போட்டிருக்கிறேன். ‘ஆக்சிஜன் உணரி’ போதுமா, ‘உயிர்வளி உணரி’ என்று எழுத வேண்டுமா? ‘தூய்மைப்படுத்தலும் மாற்றுதலும்’ என்ற தலைப்பும் நீளமாக இருக்கிறது. சுருக்கமாக ஏதாவது சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியருக்கு வாழ்த்து. ‘உணரி’ எனக்கு என்றைக்குமே உவப்பில்லை. உணர்தல் மனத்தின் தொழில். இரும்புக் குழாயில் கிடக்கும் ஒரு துண்டுக்கு ஏது மனம்? இது புகையில் மிஞ்சிய வளியை மோந்து சொல்கிறது. மோப்பது மூன்றாம் அறிவு. சிதலுக்கும் எறும்புக்கும் உரியது என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது. ஆகவே ‘வளிமோப்பி’. மோ என்பதே அடி. மோத்தல், மோப்பு, மோப்பம் எல்லாம் அதிலிருந்து. மூக்கு, முகர், முகம், முகப்பு, முகடு என்று விரித்துக்கொண்டே போகலாம். கொல்லி, நடத்தி என்பவற்றில் உள்ள இகர ஈறே இங்கும். இலக்கணத்தில் குறையில்லை.

ஓசூர், தொழிற்சாலைக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்:

ஐயா, இலக்கணத்தில் குறையில்லைதான். ஆனால் ‘மோப்பி’ என்றால் பையன்கள் போலீஸ் நாயைத்தான் நினைப்பார்கள். ஓசூரில் என் மேசைக்கு வரும் தாள்களில் பாதி ‘லாம்டா சென்சார்’ என்றே வருகிறது. காற்று, பெட்ரோல் கலவை சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். 1976இல் பாஷ் நிறுவனம் இதை வால்வோ காருக்காகத் தயாரித்தபோது வைத்த ஜெர்மன் பெயரிலேயே லாம்டா உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. அவர்களுக்கு ‘ஆக்சிஜன்’ புரியும், ‘உயிர்வளி’ புரியாது. நம் பள்ளிப் பாடநூலிலும் ஆக்சிஜன்தானே இருக்கிறது.

தலைப்பில் எனக்கு வேறொரு கவலை. அடுத்த பாடம் ‘வினையூக்க மாற்றி’, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இதில் ‘உணரி மாற்றுதல்’ என்று வைத்தால் மாற்றி, மாற்றுதல், மாற்றம் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும். ‘புதிது பொருத்துதல்’ என்று எழுதிவிடலாம்.

காவேரிப்பட்டினம், வேதியியல் ஆசிரியர்:

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். இது எதையும் மோப்பதில்லை. உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான், இரண்டு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சூடு 300 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் இருபக்க ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று மிஞ்சினால் 0.1க்கு இறங்கும், நடுவே 0.45. ஆக இது இரண்டு காற்றை ஒப்பிடுகிறது. பெயர் வைத்தே தீர வேண்டுமென்றால் ‘ஒப்பி’ என்றுதான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒப்பாரி என்று கேலி செய்வார்கள், தெரியும்.

ஆக்சிஜன் என்ற பெயரே பிழையில் பிறந்ததுதான். அமிலத்தை உண்டாக்குவது இதுவே என்று லாவோசியே நம்பி வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. பிழையான பெயரை வைத்துக்கொண்டும் உலகம் நடக்கிறது. அதனால் ‘உணரி’யில் மனம் இருக்கிறதா இல்லையா என்று அச்சுத் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒப்பிட்டபின் அதை யாருக்கு உணர்த்துகிறது? இன்ஜினை ஆளும் கணினிக்கு. அப்படியானால் ‘உணர்த்தி’ என்றாவது வையுங்கள். உணர்வது கணினி, உணர்த்துவது இது. தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறுபாடு தெரியாமலா கலைச்சொல் ஆக்குவது?

இன்னொன்று. இப்போது வரும் வகை தட்டையான தகடு என்று படித்தேன். ‘தகட்டு உணர்த்தி’ என்றால் தகடூர்க்காரர்களுக்குப் பொருத்தம். அதியமான் ஊரின் பெயரே தகட்டிலிருந்துதான் என்பது என் கட்சி. தகடு, தகழி, தகை...

தருமபுரி ஐ.டி.ஐ. ஆசிரியர்:

ஐயா, அதியமானிடம் போனால் நெல்லிக்கனியோடுதான் திரும்புவோம். எனக்கு வெள்ளிக்கிழமை அச்சு.

தருமபுரி, பாலக்கோடு சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்:

சார், இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெயர் எதுவானாலும் கடையில் ‘ஓ-டூ சென்சார்’தான், அது மாறாது. நான் சொல்ல வந்தது தலைப்பைப் பற்றி. ‘தூய்மைப்படுத்தல்’ என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள் என்றால் பையன் முதல் வேலையாகச் சென்சாரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப்போடுவான். இல்லையென்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பான். தேய்த்தால் மேலே இருக்கிற நுண்துளைப் பூச்சு போய்விடும். ஊறப்போட்டால், ஒயர் வழியாக உள்ளே போகும் வெளிக்காற்றின் பாதையில் பெட்ரோல் இறங்கிவிடும். வேதியியல் சார் சொன்ன அந்த மறுபக்கக் காற்று அப்புறம் எங்கே சுத்தமாக இருக்கும்? அனிச்சத்துக்கு மோந்தால் வாட்டம், இதற்குக் கழுவினால் வாட்டம்.

அழுக்கு ஒரே மாதிரி இல்லை, சார். கறுப்பாகக் காய்ந்த கரி படிந்திருந்தால் வண்டி ரிச்சாக ஓடியிருக்கிறது, அதாவது பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். அதைச் சரி பண்ணிவிட்டு, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ஹைவேயில் நல்ல சூட்டில் ஓட்டினால் அந்தக் கரி தானாக எரிந்து போக வாய்ப்பு உண்டு. கழுவவே வேண்டாம். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அல்லது யாரோ கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பசையை அள்ளி அப்பியிருக்கிறார்கள். அது போனது போனதுதான். புதிது போட்டாலும் கசிவை அடைக்காவிட்டால் அதுவும் போகும்.

கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதும் உண்டு. மேனிஃபோல்டு பக்கம், அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் இடத்தில், புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்சார் ‘காற்று அதிகம்’ என்று சொல்லும், கணினி பெட்ரோலைக் கூட்டும். பழி சென்சார் மேல். தொப்பூர் கணவாயில் வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு இதையும் பார்க்காமல் புதிது மாட்டிவிடுகிற கடைகள் இருக்கின்றன. காரின் கணினியில் பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பி0135 என்று காட்டினால், அது சென்சாரைச் சீக்கிரம் சூடாக்க உள்ளேயே வைத்திருக்கும் சூடேற்றியின் மின்சுற்று. ஃபியூஸ், ஒயர், கனெக்டர் பார்த்துவிட்டுத்தான் சென்சார் மேல் கை வைக்க வேண்டும். அதைக் கழுவி என்ன பயன்?

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா சொன்னதுதான் இந்த இழையில் முதல் உருப்படியான செய்தி. அப்படியானால் நமக்குத் தேவை கருவிக்குப் பெயர் அல்ல, இரண்டு அழுக்குக்கு இரண்டு பெயர். ஒன்று ‘கரிபடிதல்’. மற்றதற்கு?

காவேரிப்பட்டினம், வேதியியல் ஆசிரியர்:

‘நச்சேறல்’. வேதியியலில் வினையூக்கி நச்சு என்று ஏற்கெனவே சொல்கிறோம். சிலிக்கான், ஈயம், ஆயிலில் வரும் பாஸ்பரஸ் எல்லாம் பிளாட்டினத்துக்கு நஞ்சு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் இந்தியா முழுக்க நின்றதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. காரில் வினையூக்கி வந்தபின் ஈயத்தோடு ஓட்ட முடியாது.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நஞ்சு ஏறினால் இறக்கலாம். நம் ஊரில் மந்திரிப்பவரும் உண்டு, மருந்து கொடுப்பவரும் உண்டு. மாணவன் ‘நஞ்சை இறக்க என்ன வழி’ என்று தேடப் போவான். ‘மாய்தல்’ என்று வையுங்கள். கரிபடிந்த மோப்பி, மாய்ந்த மோப்பி. ஐயமே வராது.

ஒர்க்‌ஷாப்காரர்:

புலவர் ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வயதாகிச் சோம்பிப்போன சென்சாரும் மாய்ந்ததுதானே? அதில் நஞ்சும் இல்லை, கரியும் இல்லை. சூடேற்றி உள்ள வகை 1,60,000 கிலோமீட்டர் அளவுக்கு வரும், பழைய சூடேற்றி இல்லாத வகை அதில் பாதிகூட வராது. வோல்ட் ஏறி இறங்கும், ஆனால் மெதுவாக. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

தருமபுரி ஐ.டி.ஐ. ஆசிரியர்:

அதற்கு ‘மந்தம்’ போதும். பையன்களுக்குத் தெரிந்த சொல்.

சரி, நாளை காலை அச்சு. இப்படிக் கொடுக்கிறேன்: ‘ஆக்சிஜன் உணரி’, முதல் இடத்தில் மட்டும் ‘கடையில் ஓ-டூ சென்சார் என்பார்கள்’ என்று ஒரு வரி. கரிபடிதல், நச்சேறல், மந்தம் மூன்றும் உள்ளே. நச்சேறலுக்குக் கீழே ‘இதை இறக்க வழியில்லை, புதிது பொருத்துக’ என்று புலவர் ஐயாவுக்காகவே சேர்த்திருக்கிறேன். தலைப்பிலிருந்து தூய்மையை எடுத்துவிட்டு ‘பழுதறிதலும் புதிது பொருத்துதலும்’ என்று வைத்தேன். ‘உயிர்வளி’க்கு யாரும் வாதாடவில்லை, விட்டுவிட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் இன்றிரவுக்குள்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:

எனக்குச் சம்மதம். அலுத்துப்போன சம்மதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டினம், வேதியியல் ஆசிரியர்:

சம்மதம். ஒரு திருத்தம் மட்டும். காற்று, பெட்ரோல் விகிதம் 14.7 என்று வரைவில் இருக்கிறது. அது கலப்பில்லாத பெட்ரோலுக்கு. 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு 13.5 பக்கம் வரும். அந்தந்த எரிபொருளுக்குச் சரியான கலவையே ‘லாம்டா 1’. அப்படி எழுதினால் எந்த எரிபொருளுக்கும் பொருந்தும்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு நான் தடையில்லை. என் கட்டுரைகளில் மோப்பி என்றே எழுதுவேன், அதையும் யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் லகரம் மொழிக்கு முதலில் வாராது. ‘இலாம்டா’ என்று திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.