குனுகோபோல், கோபோல் 85 தரத்தைப் பின்பற்றுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கேள்வி:
கோபோல் மொழியில் எழுதிய பழைய சம்பளக் கணக்கு நிரல் ஒன்றைக் குனுகோபோலுக்கு மாற்றுகிறேன். அது அந்த மொழிக்கான இலவசக் கம்பைலர், அதாவது நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். மாதக் கடைசியில் பலருடைய சம்பளம் இதில்தான் ஓடும், அதனால் பயமாக இருக்கிறது. அதனுடன் வரும் சோதனைகளை ஓட்டும் ‘மேக் செக்’ கட்டளையைக் கொடுத்தேன், எல்லாம் தேறியது. இது போதுமா?

பதில் 1:
போதாது. அது குனுகோபோல் குழுவின் சொந்தச் சோதனை. கோபோல் 85 என்பது அந்த மொழியின் 1985 தர வரையறை. அதற்கென்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் சோதனைத் தொகுப்பு தனியாக இருக்கிறது. அதை இறக்கி ‘மேக் டெஸ்ட்’ ஓட்டுங்கள். கிட்டத்தட்ட எல்லாமே தேறும். ஆனாலும் தர இணக்கம் உண்டு என்று குனுகோபோல் குழு உரிமை கோருவதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பதில் 2:
‘மேக் செக்’, ‘மேக் டெஸ்ட்’ இரண்டுமே கம்பைலருக்கான சோதனை, உங்கள் நிரலுக்கு அல்ல. நிரலில் எண்களைச் சுருக்கிச் சேமிக்கச் சொல்லும் காம்ப்-3 இருக்குமே? அது தரத்தில் இல்லாத சொல், பேக்டு-டெசிமல்தான் தரச்சொல். கம்பைலரின் வழக்கமான அமைப்பு, தரத்துக்கு வெளியே உள்ள இப்படிப்பட்ட நீட்சிகளைச் சும்மா விட்டுவிடும். கோபோல் 85 அமைப்பைத் தேர்ந்தெடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

கேட்டவர்:
சரி. காம்ப்-3 பதினோரு இடத்தில் இருக்கிறது. இன்றிரவே மாற்றிப் பார்க்கிறேன்.