கொல்லைக்குப் பறவை வர நீங்கள் செய்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

நன்னிலத்திலிருந்து:

எங்கள் ஊரில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் கொல்லையையும் சேர்த்து சிமென்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் இடத்தில் தொட்டியில் குரோட்டன்ஸ். அப்புறம் ஒரு தட்டில் தினையைப் போட்டுத் தொங்கவிட்டு, "புறாவும் காக்காயும்தான் வருது" என்று வருத்தப்படுகிறார்கள். தீனி வைப்பதில் தப்பில்லை. ஆனால் தானியத்துக்கு வருகிற பறவை கொஞ்சம்தான். தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், தவிட்டுக்குருவி, செம்போத்து எல்லாம் பூச்சி, புழு, நத்தை தேடி வருபவை. சிட்டுக்குருவிகூட, தான் நெல்லைத் தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: கொல்லையில் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள்.

எங்கள் கிணற்றடியில் மா, பலாச் சருகு குவிந்து கிடக்கும். ஐப்பசி மழை பிடித்த சமயம், ஒருநாள் காலையில் அந்தச் சருகுக்குள் ஏதோ தத்திக்கொண்டு போனது. பச்சை முதுகு, வெளிர் மஞ்சள் நெஞ்சு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. ஆறுமணிக் குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரைக்கும் போகிற பறவை அது. எங்கள் கிணற்றடியில் ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் புழு எடுத்துக்கொண்டிருந்தது. பங்குனி வரைக்கும் இங்கேதான் இருந்தது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் சீட்டி அடிப்பது போல அதன் குரல் கேட்கும். அதிலிருந்து என் மாமியார் யாரையும் சருகைக் கொளுத்த விடுவதில்லை.

வேலியும் முக்கியம். சுவர் எழுப்பியே ஆக வேண்டும் என்றால் அதை ஒட்டி ஆடாதொடையோ நொச்சியோ வையுங்கள். கோவைக்கொடி தானாக ஏறினால் பிடுங்காதீர்கள், அந்தப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும்.

மன்னார்குடியிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன ஆறுமணிக் குருவி போன வருஷம் எங்கள் வீட்டுச் சுவரில் மோதிக் கூடத்தில் விழுந்து கிடந்தது. ராத்திரியில் பறந்து வந்து களைத்துப்போன பறவை. ஐப்பசி மழைச் சமயத்தில் வேறு யார் வீட்டிலாவது இப்படி விழுந்தால் பயப்படாதீர்கள். அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, உள்ளே துணி விரித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளிந்ததும் அந்தி நேரத்தில், காக்காய் அடங்கிய பிறகு, புதர் ஓரமாக விடுங்கள். நாங்கள் அப்படித்தான் விட்டோம். இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

எங்களுக்குக் கொல்லை கிடையாது, மொட்டைமாடிதான். அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் கொட்டிவிட்டு வேறு ஊற்றினால் கொசு வராது. இட்லிப்பூவுக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வந்தது. கடைசியில் துணி காயப்போடும் கொடியிலேயே சிலந்தி நூலால் கூடு பின்னித் தொங்கவிட்டது. குஞ்சு பறக்கிறவரை அந்தக் கொடியில் துணி போடவில்லை. ஒன்று கவனியுங்கள்: வண்டிக் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிவிடுங்கள்.

தை மாதம் வாசலில் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டுகிற வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் சிட்டுக்குருவி இன்னும் இருக்கிறது.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது எங்கள் தென்னையில் பாதிக்கு மேல் போய்விட்டது. தலை முறிந்து நின்ற ஒரு மரத்தை மட்டும் அப்பா வெட்டவில்லை. விழுந்தாலும் யார் மேலும் விழாத இடம் அது. மரம் உளுத்ததும் மரங்கொத்தி பொந்து போட்டது. அது போன பிறகு மைனா குடிவந்தது, அப்புறம் பச்சைக்கிளி. இப்போது புள்ளி ஆந்தை ஜோடி. இருட்டுகிற நேரம் பொந்து வாசலில் ஒட்டி உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மையே பார்க்கும்.

ஆந்தை வீட்டுப் பக்கம் ஆகாது, விரட்டு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். "வயலில் எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கிறோம். வீட்டுக்கு வந்தால் மட்டும் ஆகாதா அண்ணே?" என்று அப்பா கேட்டார். அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து:

பட்ட தென்னையை விட்டுவைத்தால், தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு பெருகாதா தம்பி?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

சரியான கேள்வி, ஐயா. மட்கும் மரத்திலும் எருக்குழியிலும்தான் அது முட்டையிடும். விழுந்த மரங்களை அப்போதே அறுத்து அப்புறப்படுத்திவிட்டோம். எருக்குழியை அவ்வப்போது கிளறிப் புழுவைப் பொறுக்குகிறோம், அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையும் கலக்கிறோம். கிளறும்போது மைனாக்கள் காலடிக்கே வந்துவிடும். ஆனால் பக்கத்தில் தென்னங்கன்று வைத்திருந்தால் பட்ட மரத்தை நிறுத்த வேண்டாம், எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பழைய மண்பானையில் கைப்பிடி அளவு ஓட்டை போட்டு, மழை உள்ளே இறங்காதபடி சாய்த்து, பூனை ஏற முடியாத உயரத்தில் மாமரத்தில் கட்டுங்கள். மைனாவும் குண்டுக்கரிச்சானும் அதை ஏற்றுக்கொள்ளும்.