ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும்: இரண்டையும் ஹைபர்னேட் செய்ய இயலுமா?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

வணக்கம். இங்கே தமிழ்வழிப் பள்ளியொன்றில் பணிபுரிகிறேன். கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் உபுண்டு சார்ந்த இயங்குதளத்தில்தான் கணினிப் பாடம் நடக்கிறது என்பதால் வீட்டுக் கணினியிலும் அதையே நிறுவியிருக்கிறேன். தம்பி கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதற்காக அதிலேயே விண்டோஸ் 11 இருக்கிறது. ரேம் 8 ஜிபி. ஐப்பசியில் மாலையானால் இடி முழங்கத் தொடங்கிவிடும். யூபிஎஸ் இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில், திறந்திருப்பவற்றை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டுக் கணினியை நிறுத்தும் ஹைபர்னேட் பெரிய உதவி. விண்டோஸில் அது வேலை செய்கிறது, உபுண்டுவில் அந்தத் தேர்வையே காணோம்.

இன்னொரு சிக்கலும் நேர்ந்தது. தம்பி விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டுப் போயிருந்தபோது, நான் உபுண்டுவைத் திறந்து, இருவருக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் (இரு இயங்குதளங்களும் படித்து எழுதக்கூடிய கோப்பு அமைப்பு) வட்டுப் பகுதியில் ஒரு வினாத்தாளைச் சேமித்தேன். மறுநாள் விண்டோஸில் அந்தக் கோப்பு இல்லை. தம்பியின் பத்திரிகைக் கோப்பு ஒன்றும் திறக்க மறுக்கிறது.

மறுமொழி: வேலந்தாவளத்திலிருந்து

டீச்சர், முதலில் இரண்டாவது சிக்கலைப் பார்ப்போம், ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஹைபர்னேட் ஆன விண்டோஸ், தூங்கும் முன் பார்த்த கோப்புப் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டே எழுகிறது; இடையில் நீங்கள் வட்டில் எழுதியது அதற்குத் தெரியாது. பழைய பட்டியலின்படி அது மீண்டும் எழுதும்போது உங்கள் கோப்பு அடிபட்டுப் போகிறது. சி டிரைவாக இருந்திருந்தால், அங்குள்ள ஹைபர்னேட் கோப்பைக் கண்டு உபுண்டு அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறந்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் காவல் கிடையாது. உபுண்டுவைத் தூங்கவைத்துவிட்டு விண்டோஸில் எழுதினாலும் கதை இதேதான்.

ஆகவே தூங்கவைத்த இயங்குதளத்தையே எழுப்புங்கள்; மற்றதற்கு மாற வேண்டுமானால் முழுதாக அணைத்துவிட்டு மாறுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை சாதாரண ஷட் டவுனும் பாதி ஹைபர்னேட்தான் என்பதால், பவர் ஆப்ஷன்ஸில் அந்த ஒரு குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். சில வழிகாட்டிகள் சொல்வதுபோல் கட்டளை கொடுத்து ஹைபர்னேட்டையே நிறுத்திவிட்டால் தம்பிக்கு அந்த வசதியே போய்விடும்.

இனி உபுண்டு. ரேமில் உள்ளதை, ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடமான ஸ்வாப்பில்தான் எழுதிவைக்க வேண்டும். உங்களிடம் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு மட்டும் இருந்தால் போதாது. 10 ஜிபியில் தனி ஸ்வாப் பகுதி ஒன்றை உருவாக்கி, அதன் யூயூஐடியை (அந்தப் பகுதியின் அடையாள எண்) ரெஸ்யூம் என்ற அளவுருவாக, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் சேர்த்து, கிரப்பையும் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பியுங்கள். ஸ்வாப் கோப்பிலும் செய்யலாம், ஆனால் வட்டில் அது தொடங்கும் இடத்தைக் கணக்கிட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். முதல்முறை செய்பவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்பது என் கருத்து.

மறுமொழி: மீனாட்சிபுரத்திலிருந்து

ஸ்வாப்பைத் தொடுவதற்கு முன், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கும்போது உபுண்டுவின் மைய நிரலான கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. அணைப்பதானால் அதற்கு முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கக்கூடும்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

இருவருக்கும் நன்றி. செக்யூர் பூட் இயங்கித்தான் இருந்தது. அதை அணைத்தபின் விண்டோஸ் சாவியைக் கேட்டது, எழுதிவைத்திருந்ததால் தப்பித்தோம். உபுண்டு முதல்முறை தூங்கி எழுந்தபோது திறந்திருந்தவை எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்கியது. இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க மறந்திருந்தேன். அதைச் செய்தபின் நேற்று மாலை இடிக்கு நடுவே பிளக்கைப் பிடுங்கி, இரவு மீண்டும் போட்டபோது பாதி வரியில் நின்ற கர்சர் அதே இடத்தில் இருந்தது. தொலைந்த வினாத்தாளைத்தான் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.