பிறவியிலேயே கேக்காதவங்க 24 வயசுல இம்ப்ளான்ட் வெச்சா பேச்சு புரியுமா? மெஷின் சரியா இருந்தும் ஏன் இப்படி?

ராக்கோழி:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுத்துக்கோங்க. என் தங்கச்சிக்கு பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காது. சின்ன வயசுல ஹியரிங் எய்ட் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, அவளே கழட்டி வெச்சுட்டா. சைகையிலயும் எழுதிக் காட்டியும்தான் எங்களுக்குள்ள எல்லாப் பேச்சும், சண்டை உட்பட. போன வருஷம் 24 வயசுல அவளே ஆசப்பட்டு காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்சுக்கிட்டா, அதாவது உள்காதுல எலக்ட்ரோடு வெச்சு காது நரம்ப மின்சாரத்தால தூண்டற மெஷின்.

ஸ்விட்ச் ஆன் பண்ணி பத்து மாசம் ஆச்சு. காலிங் பெல், ஹாரன், பாத்திரம் விழுற சத்தம் இதுக்கெல்லாம் டக்குனு திரும்பிப் பாக்கறா. ஆனா பேச்சு மட்டும் பிடிபடவே இல்ல. நான் பேசினாலும் அப்பா பேசினாலும் "ஒரே இரைச்சல்"னு எழுதிக் காட்டறா. மேப்பிங், அதாவது மெஷின அவளுக்குத் தக்க மாதிரி செட் பண்றது, நாலு தடவ பாத்தாச்சு, எலக்ட்ரோடு எல்லாம் நல்லாவே வேல செய்யுது, மெஷின்ல ஒரு குறையும் இல்லன்னு ஆடியாலஜிஸ்ட் சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து வீட்ல ஆளாளுக்கு "நீ ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணல"ன்னு ஆரம்பிச்சாச்சு, இப்ப அவளும் அத நம்பறா, அதான் எனக்கு தாங்கல.

நேத்து தேடும்போது ஆந்த்ரேய் க்ரால்னு ஒரு நரம்பியல் விஞ்ஞானி, ஜெர்மனில ஹானோவர்ல இருக்கார், காது கேக்காத வெள்ளப் பூனைகள வெச்சு இதே கேள்வியத்தான் பல வருஷமா ஆராயறார்னு பாத்தேன். படிச்சதுல பாதி மண்டைக்குள்ள ஏறல. சத்தம் வருது, மெஷின் சரி, அப்ப எங்கதான் அடைக்குது?

சினாப்ஸ் சித்தப்பு:
நான் நியூரோ படிக்கறவன், டாக்டர் இல்ல, அத முதல்ல சொல்லிடறேன்.

நம்ம எல்லாரும் காதுதான் கேக்குதுன்னு நெனைக்கறோம். நல்லா இருக்கற காக்ளியால, அதாவது உள்காதுல, சத்தத்த நரம்புக்கு மாத்தற உள்வரிசை மயிர்ச்செல் 3500 பக்கம் இருக்கும், அங்கேர்ந்து 30000 நரம்பு இழை மூளைக்குப் போகுது. அந்த 3500 செய்யற வேலைக்கு இம்ப்ளான்ட்ல இருக்கறது மாடலப் பொறுத்து 12லேர்ந்து 22 எலக்ட்ரோடு, அவ்ளோதான். இத வெச்சு ஒருத்தருக்கு பேச்சு புரியுதுன்னா முக்கால்வாசி வேலைய மூளைதான் செய்யுதுன்னு அர்த்தம். 1995ல ராபர்ட் ஷானன் குழு பேச்ச வெறும் நாலு அலைவரிசைப் பட்டையா சிதைச்சு காது நல்லா கேக்கறவங்களுக்கு போட்டுக் காட்டினாங்க, கொஞ்சம் பழகினதும் அவங்க வாக்கியத்தையே புரிஞ்சுக்கிட்டாங்க. ஏன்னா பேச்சு எப்படி இருக்கும்னு மூளைக்கு ஏற்கெனவே தெரியும், ஓட்டைய அதுவே அடைச்சுக்கும்.

இப்ப பூனைக்கு வருவோம். பிறவியிலேயே கேக்காத அந்த வெள்ளப் பூனைங்களுக்கு இம்ப்ளான்ட் வெச்சு மின்சாரம் கொடுத்தா, மூளைல சத்தத்துக்கான முதல் பகுதி பதில் சொல்லுது, அதாவது சிக்னல் அங்க வரைக்கும் வந்துடுது. ஆனா கார்டெக்ஸ், அதாவது மூளையோட மேல்பட்டை, ஆறு அடுக்கு, கேக்கற பூனைய விட இதுல அடி அடுக்குகள்ல, அஞ்சு ஆறுல, நடமாட்டம் ரொம்ப கம்மி. அந்த அடுக்குங்கதான் மேல்மட்டப் பகுதிகளோட கொடுக்கல் வாங்கல் பண்றது. மேலேர்ந்து "இதுதான் முக்கியம், இதக் கவனி, இது போன தடவ வந்த அதே சத்தம்"னு இறங்கி வர தகவல் இங்கதான் வந்து சேரணும். சத்தம் கதவத் தட்டுது, உள்ள இருக்கற ஆளுக்கு யாருன்னு தெரியல, உங்க தங்கச்சி எழுதற "இரைச்சல்" கிட்டத்தட்ட இதுதான்னு எனக்குத் தோணுது.

இன்னொரு விஷயம், சத்தமே இல்லாட்டியும் மூளை சினாப்ஸ், அதாவது நரம்பு செல்லுங்களுக்கு நடுவுல இணைப்பு, போடாம இருக்கறதில்ல. கேக்காத பூனைலயும் அது வளருது, கொஞ்சம் லேட்டா. ஆனா அப்புறம் தேவையில்லாதத வெட்டிக் கழிக்கற கட்டம் வரும் பாருங்க, அப்ப எத வெக்கறது எத வெட்டறதுன்னு சொல்ல சத்தம் இல்லாததால அளவுக்கு மீறிக் கழிஞ்சு போகுது. 1999லயே க்ரால் இருந்த குழு குட்டிப் பருவத்துல இம்ப்ளான்ட் வெச்ச பூனைங்க சத்தத்துக்குத் தக்கபடி நடந்துக்கவும் கத்துக்குது, கார்டெக்ஸும் விரியுதுன்னு காட்டிட்டாங்க. வயசு ஏற ஏற அந்த விரிவு குறையுது.

மனுஷங்கள்ல அனு ஷர்மான்னு ஒரு விஞ்ஞானி பண்ண ஆராய்ச்சி தெளிவா இருக்கு, 2002ல வந்தது. சத்தம் கேட்டதும் மூளைல வர முதல் அலைய அளந்தாங்க. மூன்றரை வயசுக்குள்ள இம்ப்ளான்ட் வெச்ச குழந்தைங்களுக்கு அந்த அலை சில மாசத்துலயே வயசுக்குத் தக்க அளவுக்கு வந்துடுது, 7 வயசு தாண்டினவங்கள்ல பெரும்பாலும் வரல. இதுல உங்க தங்கச்சியோட சோம்பேறித்தனம் எங்க வருது சொல்லுங்க.

கோட்டைவிட்டான்:
சிம்பிளா சொன்னா அந்த எடத்த கண்ணு புடிச்சிக்கிச்சு ப்ரோ. சின்ன வயசுல சைகை கத்துக்கொடுக்காம இருந்திருந்தா காதுக்கான எடம் காலியா இருந்திருக்கும்.

சினாப்ஸ் சித்தப்பு:
@கோட்டைவிட்டான் இல்லீங்க, இத அப்படியே விட முடியாது, இந்த ஒரு நம்பிக்கைனால நெறைய குழந்தைங்க எந்த மொழியும் இல்லாம வளந்திருக்காங்க. சைகை மொழி அரைகுறை மொழி இல்ல, மூளையோட மொழிப் பகுதி அதுக்கும் சேத்துதான் வேல செய்யுது.

அதோட கண்ணு மொத்தத்தையும் புடிச்சிக்கலை. ஸ்டீஃபன் லோம்பரும் க்ராலும் சேந்து 2010ல ஒரு அழகான வேல பண்ணாங்க. கேக்காத பூனைங்க ரெண்டு விஷயத்துல கேக்கற பூனைங்கள விட கெட்டி: கண்ணோரத்துல தெரியறது எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கறதுலயும், ரொம்ப மெதுவா நகர்றதக் கவனிக்கறதுலயும். கேட்கும் கார்டெக்ஸோட ஒவ்வொரு பகுதியையும் கொஞ்ச நேரம் குளிரவெச்சு செயல நிறுத்தினாங்க. ஒரு பகுதிய நிறுத்தினா கண்ணோரத் திறமை மட்டும் போச்சு, வேற ஒண்ண நிறுத்தினா அசைவைக் கவனிக்கற திறமை மட்டும். நான் மேல சொன்னேனே, சத்தம் முதல்ல வந்து சேர்ற பகுதி, அது இந்த ரெண்டுத்துக்கும் உதவல. சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்கற பகுதிதான் இப்ப வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டு இருந்துச்சு, பழைய வேலைய விடல, கருவிய மட்டும் மாத்திக்கிச்சு. எனக்கு இந்த இடம் படிக்கும்போது புல்லரிச்சுது, சத்தியமா.

கோட்டைவிட்டான்:
ஓ சரி சரி. எங்கயோ படிச்சத வெச்சு அடிச்சு விட்டுட்டேன், மன்னிக்கணும்.

தகரடப்பா:
நான் இம்ப்ளான்ட்காரி, மெஷின் கழட்டிட்டுதான் இத டைப் பண்றேன். எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் காது போச்சு. ஸ்விட்ச் ஆன் அன்னிக்கு எல்லாரோட குரலும் தகர டப்பாக்குள்ள எலி கத்தற மாதிரி இருந்துச்சு, என் பேர் அப்படித்தான் வந்துச்சு. மூணே மாசத்துல போன்ல பேசினேன். எங்க சொந்தத்துல இத ஏதோ என் விடாமுயற்சின்னு பேசிக்கறாங்க, எனக்கு சிரிப்பா வரும். எனக்கு பேச்சோட அச்சு உள்ளயே இருந்துச்சு, அவ்ளோதான். தம்பி, உங்க தங்கச்சிய என்ன மாதிரி ஆளுங்களோட வீடியோவக் காட்டி யாரும் ஒப்பிட வேணாம், அது ரெண்டு வேற கத.

அவங்கள மாதிரி பெரிய வயசுல வெச்சவங்க ரெண்டு மூணு பேர எனக்குத் தெரியும். பேச்ச தனியா கேட்டுப் புரிஞ்சிக்கறது அவங்களுக்கு வரல. ஆனா உதட்டப் பாத்துக்கிட்டே சத்தமும் சேந்து வரும்போது வெறும் உதட்ட விட நல்லா புடிபடுதுன்னு சொல்வாங்க. அதனால முதுகுக்குப் பின்னாடி நின்னு "நான் என்ன சொன்னேன்"னு டெஸ்ட் வெக்கறத முதல்ல நிறுத்துங்க. எதிர்ல உக்காந்து, ரெண்டே ரெண்டு வார்த்த, ஒண்ணு குட்டி ஒண்ணு நீட்டு, எதுன்னு கை காட்டச் சொல்லுங்க. நீளம், தாளம், இதுங்கதான் முதல்ல பிடிபடும்.

எலி ஆராய்ச்சி ஒண்ணும் இருக்கு, நியூயார்க்ல ராபர்ட் ஃப்ரோம்கி குழு, 2022. காது கேக்காம பண்ண எலிக்கு இம்ப்ளான்ட் வெச்சு, மூளைத் தண்டுல லோகஸ் சிருலியஸ்னு கவனத்த முடுக்கற ஒரு குட்டி இடத்தையும் சேத்துத் தூண்டினா ரொம்ப சீக்கிரம் கத்துக்குது. ஆனா அந்த எலிங்க முன்ன கேட்டதுங்க, உங்க தங்கச்சி கேஸ் வேற, அதனால பெருசா ஆசை காட்ட மாட்டேன். எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான், மெஷினத் தொடாம மூளையத் தயார் பண்ணியே மாத்தம் கொண்டுவர முடியுதுங்கறது.

ராக்கோழி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொத்தத்தையும் அவகிட்டயே காட்டிட்டேன், ரெண்டு தடவ படிச்சா. கண்ணோரப் பூனை மேட்டர் வந்ததும் என்னைத் தட்டி, "அதனாலதான் நீ பின்னாடி பதுங்கி வந்து ஒரு நாள் கூட என்ன பயமுறுத்த முடிஞ்சதில்ல"ன்னா. வாஸ்தவம், இருபது வருஷமா முயற்சி பண்றேன். தகரடப்பா அக்கா, குட்டி நீட்டு விளையாட்ட நேத்து ராத்திரி ஆரம்பிச்சோம், பத்துல ஏழு சரி. அம்மாவுக்கு அஞ்சு ஆறு அடுக்குக் கதைய நான் சொல்லிப் புரியவெச்சேன், அப்பாவுக்கு இன்னும் சொல்லல.

சித்தப்பு, அவ உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா: அந்தப் பூனைங்களையும் "ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணல"ன்னு யாராவது திட்டினாங்களா?