பழைய மிலிட்டரி சக்திமான்: மேடு ஏறினா ஆஃப் ஆகுது, டேங்க் அடைப்பா?

குன்னூர்_கியர்:
எஸ்டேட் ஷெட்ல பல வருஷமா ஓடாம நின்ன சக்திமான் லாரி, ஜபல்பூர் தயாரிப்பு, டீசல். புது பேட்டரி, புது ஃபில்டர் போட்டதும் ஸ்டார்ட் ஆயிருச்சு. ஐடிலிங் சுத்தம். மேட்டுல லோடு வாங்கினா இழுவை விட்டு நின்னுருது. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப ஸ்டார்ட் ஆகுது. ஃபில்டர்ல கறுப்பா வழவழன்னு படியுது. பம்பைப் பிரிக்கச் சொல்றாங்க. பிரிக்கலாமுங்களா?

மேட்டுப்பாளையம்_டீசல்:
பம்புல கை வைக்காதீங்க. நின்னு, ஆறி, திரும்ப ஓடுதுன்னா டேங்க் பக்கம்தான் சந்தேகம். குழாய் வாயில துருச்செதில் போய் ஒட்டிக்கும். இன்ஜின் நின்னதும் இழுப்பு விட்டு கீழே விழுந்துரும்.

வண்டி நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ளே போச்சுன்னா மூடியோட காத்துத் துளைதான் அடைப்பு, ஊசியிலேயே வேலை முடிஞ்சுது. இல்லைன்னா, 10 லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி, உள்ளே தெரியுற ஹோஸால ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சுற சின்ன பம்ப்) இன்லெட்டுக்கு நேரா கொடுங்க. கேனை பம்புக்கு மேலே கட்டணும். மிச்ச டீசல் திரும்புற ரிட்டர்ன் லைன் பழைய டேங்குக்கே போறதால கேன் சீக்கிரம் காலியாகும், பயப்படாதீங்க. அப்படி மேடு ஏறிட்டா குத்தம் டேங்க்ல இருக்கும், அல்லது டேங்க்ல இருந்து வர்ற லைன்ல இருக்கும்.

குன்னூர்_கியர்:
கேன்ல ஜம்முன்னு ஏறுதுங்க. டேங்கைக் கழட்டியாச்சு. அடியில கறுப்புச் சேறு, மேல் பாதி முழுக்க செந்துரு. ஆசிட் ஊத்தலாமா?

கோத்தகிரி_ஸ்பேனர்:
டாய்லெட் ஆசிட் மட்டும் வேண்டாம் தம்பி, துருவோட தகட்டையும் தின்னுரும். நம்ம ஊர் மூடுபனிக்கு அரை டேங்க் டீசலோட வண்டி நின்னா மேல் தகட்டுல நீர் வேர்க்கும், அதான் செந்துரு. அந்தத் தண்ணி அடியில இறங்கி, டீசலும் தண்ணியும் சேர்ற இடத்துல பூஞ்சை வளரும். வழவழப்பு அதுதான்.

டீசல் அளவு காட்டுற கேஜ் யூனிட், குழாய், சல்லடை எல்லாத்தையும் முதல்ல வெளியே எடுங்க. 3 லிட்டர் டீசலும் ஒன்றரை மீட்டர் இரும்புச் சங்கிலியும் உள்ளே போட்டு உருட்டுங்க. நட்டு, ஜல்லி போட்டா தடுப்புத் தகட்டுக்குப் பின்னாடி மாட்டிக்கும். சங்கிலின்னா நுனியைப் பிடிச்சு இழுத்துரலாம். அப்புறம் சுடுதண்ணி, பாத்திர சோப்பு. எண்ணெய்ப்பசை மிச்சம் இருந்தா அடுத்த வேலை பிடிக்காது, அதனால தண்ணி உள்சுவத்துல முத்துமுத்தா நிக்காம பரவுற வரைக்கும் கழுவணும்.

பிறகு சிட்ரிக் ஆசிட், கடையில எலுமிச்சை உப்புன்னு கிடைக்கும். லிட்டர் வெந்நீருக்கு 80 கிராம், டேங்க் நிறைய. 12 மணி நேரத்துல பாருங்க. தகடு சாம்பல் நிறத்துக்கு வந்தா போதும். கொட்டிட்டு, லிட்டருக்கு 20 கிராம் ஆப்பசோடா கலந்த தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி. உடனே ப்ளோயரால காய வைங்க. குன்னூர் ஈரத்துல தள்ளிப் போட்டா கண்ணு முன்னாடியே மஞ்சள் துரு ஏறும். காஞ்சதும் அரை லிட்டர் டீசல் ஊத்தி எல்லாப் பக்கமும் புரட்டிருங்க.

மேட்டுப்பாளையம்_டீசல்:
துரு போனதும் ஊசித்துளை வெளிப்படும். எல்லா வாயையும் அடைச்சு 2 பிஎஸ்ஐக்கு மேல போகாம சைக்கிள் பம்புல காத்தடிச்சு, சோப்பு நுரை தடவிப் பாருங்க. வெல்டிங் கடைக்குப் போனா டீசல் டேங்க்னு சொல்லிக் கொடுங்க. டீசல்தானேன்னு அலட்சியம் வேண்டாம். நெருப்புச் சூட்டுல உள்ளே ஒட்டின மிச்சம் ஆவியாகி வெடிக்கும். கழுவின டேங்கா இருந்தாலும், பத்த வைக்கிற இடம் மட்டும் மேலே இருக்கிற மாதிரி தண்ணி நிரப்பி, ஒரு வாயைத் திறந்து வச்சுத்தான் செய்யணும்.

குன்னூர்_கியர்:
நுரை வரலைங்க. மாட்டினதும் டீசல் லைன்ல மாட்டின ஏரை எப்படி எடுக்கறது?

கோத்தகிரி_ஸ்பேனர்:
அதுக்கு முன்னாடி லைனை ரெண்டு முனையும் கழட்டி, ஃபீட் பம்ப் பக்கத்துல இருந்து டேங்க் பக்கமா காத்தடிங்க. ஜாயின்ட் எல்லாம் புது காப்பர் வாஷர். உறிஞ்சுற பக்கத்துல டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே ஏறும்; பார்த்தா தெரியாது.

ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால ஏத்துற பம்ப்) அடிச்சுட்டே ஃபில்டர் பிளீட் ஸ்க்ரூவை (ஏரை வெளியே விடுற ஸ்க்ரூ) இளக்குங்க, நுரை நின்னு டீசல் தெளிவா வந்ததும் இறுக்குங்க. அதே மாதிரி இன்ஜெக்ஷன் பம்ப் ஸ்க்ரூ. அப்பவும் எடுக்கலைன்னா நாஸில் பக்க நட்டுகளை அரைச் சுத்து இளக்கி செல்ஃப் அடிங்க. தெறிக்கிற டீசல்ல கை வைக்கக் கூடாது, தோலைத் துளைச்சுரும். முதல் 100 கிலோமீட்டர்லயே ஃபில்டர் மாத்துங்க, கையில ரெண்டு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு. ஜனவரி உறைபனியில விடிகாலை மட்டும் மக்கர் பண்ணி, வெயில் ஏறினதும் சரியானா திரும்ப டேங்கைக் கழட்டிராதீங்க. வெயில் காலத்துல வாங்கின டீசல் குளிருக்கு மெழுகு கட்டி ஃபில்டரை அடைச்சிருக்கும்.