மெத்தனால் மேசர் சிக்னல் கிடைக்கவில்லை: எல்.என்.பி. அலைவெண் நகர்வதை எப்படி நிறுத்துவது?

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 6 அடி டிஷ் வைத்து, ஏப்ரலிலிருந்து முயன்று வருகிறேன். விருச்சிகத்தில் இருக்கும் என்.ஜி.சி. 6334 மேகத்தில் பெரிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மெத்தனால் வாயு மேசராக, அதாவது லேசர் போலவே ஆனால் ரேடியோ அலையில், 12,178.6 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. தூசிக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளையை அதன் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது போல. அந்தக் குரலை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும்.

கருவிகள்: கேபிள்காரரிடம் வாங்கிய பழைய டிஷ், 10,600 மெகாஹெர்ட்ஸ் எல்.என்.பி. (டிஷ் குவிக்கும் சிக்னலிலிருந்து இந்த அலைவெண்ணைக் கழித்துக் கீழே இறக்கும் பெட்டி), ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். வி3 (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்). சூரியன் நன்றாகத் தெரிகிறது, அதனால் டிஷ் குறியில் பிழை இல்லை. பூமியின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் மாற்றத்தையும் கழித்துவிட்டேன்.

சிக்கல் வெப்பம்தான். தட்டோட்டில் கை வைத்தால் இரவு ஒன்பது மணிக்கும் சுடுகிறது. பழைய எல்.என்.பி. மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் 300 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தது. சரி என்று, அலைவெண்ணை ஒரு படிகத்தோடு பூட்டி வைக்கும் பி.எல்.எல். வகைக்கு மாறினேன்; இப்போதும் மணிக்கு 50 நகர்கிறது. நிறமாலையில் மேசர் கோட்டின் அகலமே ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ், நெடுநேரப் பதிவைச் சேர்த்துக் கூட்டினால் கரைந்துவிடுகிறது. தெர்மக்கோல் பெட்டி, ஈரச்சாக்கு, அப்புறம் பதினொரு மணிக்கு மேல் மட்டும் ஓட்டுவது, எல்லாம் பார்த்தாயிற்று.

எல்.என்.பி.யின் 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றி, ஜி.பி.எஸ். கடிகாரத்தின் சிக்னலை வெளியிலிருந்து கொடுத்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா, எப்படி இணைத்தீர்கள்?